வானொலி வாயடைத்துப்போன முற்பகல்

போன கிழமை நான் முந்தி வேலை செய்த ஆராய்ச்சி நிலையத்துக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவன் பழைய கந்தோருக்குப் போனால் இருக்கிறவர்களின் வேலை கெடும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்களாகவே கூப்பிட்டபோது வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளை ஒருத்தி தன்னுடைய கைத்தொலைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“ஐயா, இப்ப சூரியனிலை வெடிப்பு வந்தால் உடனை இது அடிக்கும். எந்தப் பக்கத்து றேடியோ கெடும் எண்டும் படம் போட்டுக் காட்டும்.”

“அடிக்கட்டும் பிள்ளை. நல்ல சாமான்” என்றேன்.

மனமாரத்தான் சொன்னேன். குனிந்து குனிந்து பென்சிலால் சூரியனைத் தாளில் கீறி என் கழுத்து ஒரு பக்கம் சாய்ந்ததுதான் எனக்கு மிச்சம். அந்தச் சுகத்தை இன்னொருவரும் அனுபவிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. ஆனால் பிள்ளை விடவில்லை. “இது இல்லாத காலத்திலை என்னெண்டு கண்டுபிடிச்சனீங்கள்?” என்று கேட்டாள். சொல்லத் தொடங்கினேன், பாதியில் பஸ் வந்துவிட்டது. மிச்சத்தை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். இதில் பெரிய ஆளாக வரப்போவது நானல்ல, எங்கள் பத்மினி மிஸ்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர் இணுவில். பட்டினத்துக் கடையொன்றில் றேடியோ திருத்தக் கற்றேன். றேடியோ வைத்திருப்பதே வில்லங்கமான காலம் ஒன்று வந்தது. அந்தக் காலத்தில் சைக்கிளும் தண்ணீர்ப் பம்பும் திருத்தினேன். சண்டை ஓய்ந்த பிறகு கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி அமெச்சூர் றேடியோ உரிமம் எடுத்தேன். உரிமம் கையில் வந்த அன்று, இனிமேல் ஒருவருக்கும் பயப்படாமல் உலகத்தோடு கதைக்கலாம் என்று வீட்டு முற்றத்தில் நின்று கண் கலங்கினேன். அதைப் பார்த்து மனைவி, “கதைக்க ஆள் இல்லையெண்டே இவ்வளவு நாளும் கிடந்தனீங்கள்?” என்று கேட்டாள். அந்த உரிமத்தைக் கண்டுதான் மிஸ் என்னை வேலைக்கு எடுத்தார்.

எங்கள் நிலையம் வல்வெட்டித்துறைக்குக் கிழக்கே, கடலைப் பார்த்த ஒரு பனங்காணியில் இருந்தது. இரண்டு அறை, ஒரு கிணறு, உயரமான இரும்புக் கோபுரம், முற்றத்தில் ஒரு தொலைநோக்கி. ஆராய்ச்சி நிலையம் என்று பலகையில் எழுதியிருந்ததை நம்பி உள்ளே வருகிறவர்கள், “மிச்சக் கட்டடம் எங்கை?” என்று கேட்பார்கள். எங்களுடைய வேலை இதுதான்: தினமும் காலையில் சூரியனில் உள்ள கரும்புள்ளிகளைக் கையால் கீறுவது; பிறகு உள்ளே போய், தூரதேசத்து வானொலிகள் எவ்வளவு பலமாகக் கேட்கின்றன என்று குறிப்பது. சூரியனில் புள்ளிகள் கூடினால் எங்கள் தலைக்கு மேலே, காற்றெல்லாம் முடிந்த உயரத்தில், வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் படை மாறும். இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பை எங்கள் கரையிலிருந்து கவனிப்பதற்காகவே அந்த நிலையம்.

நிலையத்தின் பொறுப்பாளர் பத்மினி மிஸ் உடுவிலைச் சேர்ந்தவர். பௌதிகம் படிப்பித்தவர், கல்யாணம் செய்யவில்லை. காலை பஸ்ஸில் வந்து இறங்கும்போது கையில் கறுப்புக் குடை, காலில் றப்பர்ச் செருப்பு. என்னை எப்போதும் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அந்தப் பெயரை அவர் இழுத்துச் சொன்னால் நான் ஏதோ பிழை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம். பாராட்டே அவர் வாயில் வராது. “பரவாயில்லை” என்று ஒரு நாள் சொன்னார். அன்று நான் வீட்டுக்கு இறைச்சி வாங்கிக்கொண்டு போனேன்.

தொலைநோக்கிக்குள் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்க ஒருவருக்கும் அனுமதியில்லை. யாராவது ஆசைப்பட்டுக் குனிந்தால், மிஸ் ஒரு காய்ந்த ஓலைத் துண்டை எடுத்துக் கண்வில்லைக்குப் பின்னால் பிடிப்பார். கொஞ்ச நேரத்தில் புகை கிளம்பும். “இது உங்கடை கண்” என்பார். அதற்குப் பிறகு ஒருவரும் குனிவதில்லை. பெரிய உத்தியோகத்தர் ஒருவர் வந்தபோதும் இதே ஓலை, இதே வசனம்தான்.

நாங்கள் செய்தது வேறு முறை. கண்வில்லைக்குப் பின்னால் வெள்ளைத் தாள் பொருத்திய பலகை இருக்கும். தொலைநோக்கியின் நிழல் எப்போது ஆகச் சிறிதாகிறதோ, அப்போது அது சூரியனுக்கு நேரே நிற்கிறது. தாளில் முன்கூட்டியே கீறிய வட்டத்துக்குள் சூரியனின் உருவம் வந்து அளவாக உட்காரும். கூர்மையான பென்சிலால் புள்ளிகளை அவை விழுந்த இடத்திலேயே கீற வேண்டும். கீறுவதற்கு முன் தாளை மெல்ல ஆட்டுவோம். தாளோடு சேர்ந்து ஆடினால் அது தாளில் உள்ள அழுக்கு. கண்வில்லையைச் சுழற்றுவோம், சேர்ந்து சுழன்றால் அது வில்லையில் உள்ள தூசி. இரண்டுக்கும் அசையாமல் நிற்பது எதுவோ, அதுதான் சூரியனுடையது.

இதற்கு மேலே மிஸ்ஸின் சொந்தச் சட்டம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு நாளும் நாங்கள் இருவரும் தனித்தனியாகக் கீற வேண்டும். ஒருவர் கீறும்போது மற்றவர் உள்ளே இருக்க வேண்டும். இரண்டு தாளும் முடியும்வரை, கண்டது என்னவென்று ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது. “ஓ” என்று வாயைத் திறப்பதும் குற்றம். “நான் சொன்னால் நீர் அதைக் காண்பீர். அங்கை ஒண்டும் இல்லாட்டிலும் காண்பீர்” என்பார். முதல் வருடம் எனக்கு இது விசர் வேலையாகத்தான் பட்டது.

தைப்பொங்கல் நாளொன்றில் அந்தச் சட்டத்தின் அருமை தெரிந்தது. சூரியனின் ஓரத்தில் ஒரு மங்கலான புள்ளி. தாளை ஆட்டினேன், அசையவில்லை. வில்லையைச் சுழற்றினேன், சுழலவில்லை. புதுப் புள்ளி கண்டுவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்த்தி, ஓரத்து நிழலோடு அழகாகக் கீறினேன். மிஸ்ஸின் தாளில் அது இல்லை. அவர் என் தாளைப் பார்த்தார். பிறகு வல்வெட்டித்துறைப் பக்கத்து வானத்தைப் பார்த்தார். ஊரே அன்று பட்டம் ஏற்றிக்கொண்டிருந்தது.

“கணேசலிங்கம், வால் கீற மறந்திட்டீர்” என்றார்.

சூரியனுக்குக் குறுக்கே நின்ற பட்டத்தைச் சூரியப் புள்ளியாகக் கீறியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மிஸ் அந்தத் தாளைக் கிழிக்கவும் இல்லை, யாரிடமும் சொல்லிச் சிரிக்கவும் இல்லை. “பட்டம்” என்று பக்கத்தில் எழுதி மற்றத் தாள்களோடு வைத்தார்.

இனி அந்த முற்பகலுக்கு வருகிறேன்.

சோளகக் காற்று அடிக்கும் காலம். எங்கள் கரையில் அந்தக் காற்று தரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும். வல்வெட்டித்துறையிலிருந்து ஆழ்கடலுக்குப் போன படகொன்றின் இயந்திரம் நின்றுபோய், அது நடுக்கடலில் இழுபட்டுக்கொண்டிருந்தது. மூன்று பேர் அதில். படகோட்டியின் பெயர் நவம். மீனவர் சங்கத்தின் றேடியோ பழுதென்று, சங்கத் தலைவர் துரை அண்ணை எங்களிடம் ஓடி வந்தார். நவத்தின் மனைவி சிவகலாவும் கூட வந்தாள். ஆபத்தென்றால் என்னைப் போன்ற உரிமக்காரர் படகுகளோடும் கதைத்து உதவலாம். எங்களிடம் உயர்ந்த கோபுரமும் இருந்தது. அந்த முற்பகலுக்கு முந்திய நாளே படகோடு தொடர்பு கிடைத்துவிட்டது.

படகில் பற்றறி குறைவு. அதனால் மணிக்கொரு தடவை றேடியோச் செற்றைப் போட்டு, தாங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லிவிட்டு நவம் நிறுத்திவிடுவான். காற்றும் நீரோட்டமும் இழுக்க அந்த இடம் மாறிக்கொண்டே போனது. விடியற்காலையில் இரண்டு படகுகள் தேடிப் புறப்பட்டன. தேடப் போனவர்களோடு துரை அண்ணை கிட்டத்துச் செற்றில் கதைத்துக்கொண்டிருந்தார். அந்தச் செற்றின் அலை நேர்கோட்டில் போகும். எங்கள் கோபுரம் கண்ணுக்கு மறைகிற தூரத்தோடு அதன் பேச்சு நின்றுவிடும். நவத்தோடு நான் கதைத்தது நெடுந்தூரச் செற்றில். அதன் அலை வானத்துக்குப் போய், அந்த உயரத்துப் படையில் பட்டுத் திரும்பி வரும்.

மிஸ் அன்றும் வெளியே குடையை விரித்துவைத்துக்கொண்டு சூரியனோடு நின்றார். அதற்கு முந்திய நாட்களில் பெரிய புள்ளிக்கூட்டம் ஒன்று சூரியனின் ஓரத்தால் திரும்பி நடுவுக்கு வந்திருந்தது. காலையில் நாங்கள் கீறியாயிற்று. அது போதாதென்று அவர் திரும்பவும் கீறிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. மூன்று உயிர் கடலில் கிடக்கும்போது இந்த மனுசிக்குப் படம் கீறல் கேட்கிறதோ என்று மனதுக்குள் திட்டினேன்.

நவம் வர வேண்டிய மணி வந்தது. செற்றில் அவன் குரல் இல்லை. கூப்பிட்டேன். திரும்பவும் கூப்பிட்டேன். அப்போதுதான் கவனித்தேன், எப்போதும் கேட்கும் இரைச்சல்கூட இல்லை. அன்ரெனாவைக் கழற்றினால் எப்படிச் செத்துப் போகுமோ அப்படிச் செத்துக் கிடந்தது செற். றேடியோக்காரன் புத்தி றேடியோக்காரனைவிட்டுப் போகாது. காற்றுக்குக் கோபுரத்தில் வயர் கழன்றுவிட்டது என்று முடிவு கட்டினேன்.

“பயப்படாதேங்கோ அண்ணை, எங்கடை அன்ரெனாதான்” என்று சொல்லிவிட்டு, குறடொன்றை இடுப்பில் செருகிக்கொண்டு கோபுரத்தில் ஏறினேன்.

மேலே எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தது. ஒவ்வொரு பூட்டாக ஆட்டிப் பார்த்தேன். கீழே பார்த்து, “ஒண்டும் கழறேல்லை!” என்று கத்தினேன். கத்திய பிறகுதான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று விளங்கியது. எங்கள் பக்கம் சரியென்றால் பிழை அந்தப் பக்கம். சிவகலா வாசல்படியில் அப்படியே இருந்துவிட்டாள்.

துரை அண்ணை கல் மனம் படைத்தவரல்ல. கடலில் தம்பி ஒருவனைப் பறிகொடுத்தவர். ஆனால் அவர் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. காற்று ஏறிக்கொண்டிருந்தது. தேடப் போனவர்களின் குரலும் கிட்டத்துச் செற்றில் மெலிந்துகொண்டே போனது. இன்னும் கொஞ்சத்தில் அவர்களும் எட்டாத தூரத்துக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு திருப்பிக் கூப்பிட வழியில்லை. நவத்தின் படகு தாண்டு மூழ்கிப்போயிருந்தால், இல்லாத படகைத் தேடி இன்னும் இரண்டு படகுகளை அந்தக் காற்றுக்குள் விடுவதா?

“தேடப் போனவங்கள் கதைக்கிறாங்கள். இவங்கள்தான் கதைக்கேல்லை. இனி என்ன இருக்கு?” என்றார். அவர் கை ஒலிவாங்கியை எடுத்துவிட்டது.

அப்போது முற்றத்திலிருந்து மிஸ்ஸின் குரல் கேட்டது. “கணேசலிங்கம், இறங்கி வந்து பாரும்.”

“என்ன மிஸ்?”

“நான் ஒண்டும் சொல்லமாட்டன். வந்து பாரும்.”

இறங்கினேன் என்பதைவிடச் சறுக்கினேன் என்பதுதான் சரி. மிஸ் தன் தாளை எடுத்துக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, பலகையில் புதுத் தாள் பொருத்தியிருந்தார். பென்சிலை என் கையில் வைத்தார். “கீறும்.”

“படம் கீறுற நேரமோ மிஸ் இது?” துரை அண்ணை வாசலிலிருந்து வெடித்தார்.

“ஓம் அண்ணை. இப்பதான் நேரம். கொஞ்சம் பொறுங்கோ” என்றார் மிஸ். குரலில் ஒரு பதற்றமும் இல்லை. 

குனிந்து பார்த்தேன். நடுவில் இருந்த பெரிய கரும்புள்ளிக்கூட்டத்துக்குள், இரண்டு கறுப்புக்கும் இடையே, வெள்ளையாக ஒரு கீற்று. வெள்ளைத் தாளில் விழும் சூரியனைவிட வெள்ளை. தாளை ஆட்டினேன். நின்றது. வில்லையைச் சுழற்றினேன். நின்றது. நான் கீறிக்கொண்டிருக்கும்போதே அது மங்கத் தொடங்கியது. கீறி முடிக்கும்போது அங்கே ஒன்றுமில்லை.

மிஸ் தன் தாளைத் திருப்பி என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே கீற்று. அவருடையது என்னுடையதைவிடக் கொஞ்சம் நீளம், ஏனென்றால் அவர் முதலில் கண்டவர். எத்தனையோ வருடம் சூரியனைப் பார்த்தும் அப்படியொன்றை நாங்கள் இருவரும் கண்டதில்லை. ஒருவர் மட்டும் கண்டிருந்தால் கண் கூசியது என்று நினைத்திருப்போம்.

மிஸ் நேரே உள்ளே வந்தார். “அண்ணை, சூரியனிலை பெரிய வெடிப்பு ஒண்டு. அது எங்கடை தலைக்கு மேலை இருக்கிற படையைக் கெடுத்துப்போட்டுது. தூரத்துக்குக் கதைக்கிற செற் ஒண்டும் இப்ப வேலை செய்யாது.”

“அப்ப இது கதைக்குது?” துரை அண்ணை கிட்டத்துச் செற்றைத் தூக்கிக் காட்டினார்.

“அது நேரை போறது. அதுக்கு வானம் தேவையில்லை. நீங்களே இதைத் திருப்பிப் பாருங்கோ.” நெடுந்தூரச் செற்றின் திருகை அவர் கையில் பிடித்துக் கொடுத்தார். துரை அண்ணை முள்ளை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை திருப்பினார். ஓயாமல் பாஷை பாஷையாக அலறும் நிலையங்கள் எல்லாம் ஊமை. திரும்பவும் திருப்பினார். பாழ்ங்கிணற்றின் அடி மாதிரி அமைதி.

“இவ்வளவு பேருமோ அண்ணை ஒரே நேரத்திலை தாண்டுபோனவை?” என்றார் மிஸ்.

துரை அண்ணை நெற்றியைத் துடைத்தார். “அப்ப நவம் உயிரோடை இருக்கிறான் எண்டுறியளோ?”

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் “ஓம்” என்றிருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பேன். வாசல்படியில் அந்தப் பெண் மிஸ்ஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது எனக்குத் தெரியாது. இருக்கினம் எண்டும் சொல்லமாட்டன், இல்லையெண்டும் சொல்லமாட்டன். இந்த அமைதியிலை அவையளைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அவ்வளவுதான். சேதி இல்லாததை வைச்சுப் படகைத் திருப்பாதேங்கோ.”

“போனவங்களுக்கு ஒண்டு நடந்தால்?”

“நான் சொல்லித்தான் போனவையெண்டு ஊரிலை சொல்லுங்கோ. நானும் வந்து சொல்லுறன்.”

 துரை அண்ணை ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய், “திரும்பாதேங்கோ. காலமை சொன்ன இடத்துக்கே போங்கோ” என்றார். அந்தப் பக்கத்திலிருந்து “சரி அண்ணை” என்று தேய்ந்த குரலில் பதில் வந்தது. அடுத்த தடவை கூப்பிட்டபோது அவர்களும் எட்டவில்லை.

அதற்குப் பிறகு காத்திருந்ததுதான் என் உத்தியோகத்திலேயே கடினமான வேலை. செய்வதற்கு ஒன்றுமில்லை. மிஸ் கதிரையில் இருக்கவில்லை. சிவகலாவுக்குப் பக்கத்தில் வாசல்படியில் போய் இருந்தார். தேற்றவில்லை, பொய் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மேலே என்ன நடக்கிறது என்று சின்னச் சின்னச் சொற்களில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஒரு முறை, “எப்ப சரியாகும் மிஸ்?” என்று கேட்டாள். “இரைச்சல் திரும்பி வரும் பிள்ளை. முதல்லை அதுதான் வரும்” என்றார். அன்றிலிருந்து இன்றுவரை, படித்தவர் என்று யாரையாவது எனக்கு யாரும் காட்டினால், அந்த வாசல்படியை நினைத்துத்தான் அளந்து பார்க்கிறேன்.

வெயில் உச்சியைத் தாண்டிய பிறகு செற்றுக்குள் மணல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு எங்கோ யாரோ விளங்காத பாஷையில் பாடினார்கள்.  குறித்த மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனாலும் கூப்பிடத் தொடங்கினேன். பதில் இல்லை. கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். தேடிப் போனவர்கள் அடுத்த நாள் அந்தப் படகைக் கண்டு, கட்டி இழுத்து வந்தார்கள். கரையில் வெடி கொளுத்தினார்கள். துரை அண்ணை பெரிய பாரை மீன் ஒன்றைக் கொண்டுவந்து மிஸ்ஸின் முன்னால் வைக்க, சைவச் சாப்பாட்டுக்காரியான அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார். நான்தான் கொண்டுபோனேன்.

ஆனால் நிலையத்துப் பிள்ளைகள் கேட்டதற்கு நான் எழுத நினைத்தது வெடிச் சத்தத்தை அல்ல. அன்று மத்தியானம் செற்றில் வந்த முதல் குரலைத்தான். நாங்கள் நவத்துக்காகப் பயந்துகொண்டிருந்த நேரம் முழுக்க, நவமும் அங்கே செற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறான். நிலையம் இல்லை. ஊர் இல்லை. உலகத்தில் ஒரு சத்தமும் இல்லை. சண்டைக் காலத்தில் எங்கள் கரை பட்ட பாடெல்லாம் பட்டு வளர்ந்தவன் அவன். ஒரு முற்பகலில் கரை வாயடைத்துப் போனால் அவன் வேறென்ன நினைப்பான்? பற்றறி போனால் போகட்டும் என்று செற்றை நிறுத்தாமலே வைத்திருந்திருக்கிறான்.

“நிலையம்... நிலையம்...” குரல் உடைந்து வந்தது. “ஆராவது இருக்கிறியளோ? கரையிலை என்ன நடந்தது? எங்கடை சனம் இருக்குதோ?”

மூன்று நேரச் சாப்பாடு இல்லாமல், இயந்திரம் செத்த படகில் கிடந்தவன் எங்களைப் பற்றிக் கேட்டான்.   மிஸ் என் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினார். தான் கதைக்கவில்லை. சிவகலாவைக் கூட்டி வந்து அவள் வாயருகே பிடித்து, தன் விரலால் பொத்தானை அழுத்தினார்.

அவள் அழவில்லை. வீட்டுப் படலை வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாள்.

“இஞ்சாருங்கோ... நாங்கள் இருக்கிறம். எல்லாரும் இருக்கிறம். நீங்கள் வாங்கோ.”